சீனப் புத்தாண்டுக்கு முன்பு பாக்கியைக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: அண்ணா, திருப்பூரில் கார்மென்ட்ஸ் அக்சஸரீஸ் வியாபாரம் செய்கிறேன். மூன்று வருடமாகச் சீனாவில் ஃபூஜியன் மாகாணத்து ஜின்ஜியாங்கில் ஒரு ஜிப் ஃபேக்டரியில் சரக்கு எடுக்கிறேன். நவம்பரில் 30 சதவீதம் அட்வான்ஸ் கொடுத்து ஆர்டர் போட்டேன். ஜனவரி 25-க்குள் தயார் என்றார்கள். இப்போது சரக்கு முடிவதற்குள்ளேயே மீதி 70 சதவீதத்தையும் புத்தாண்டுக்கு முன்பு அனுப்பச் சொல்கிறார்கள். "தயாராகிவிடுமா" என்று எப்போது கேட்டாலும் "நோ ப்ராப்ளம்" என்றே பதில் வருகிறது. பணத்தைப் பிடித்து வைத்தால்தான் வேலை நடக்கும், லீவு முடிந்து பார்த்துக்கொள் என்கிறார்கள் இங்கே இருக்கும் நண்பர்கள். இதற்கு நடுவில் ஃபேக்டரி முதலாளி பிப்ரவரி 3-ஆம் தேதி கம்பெனி விருந்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். நான் சைவம், குடிப்பதும் இல்லை. போகலாமா? என்ன பரிசு கொண்டுபோவது? அவர்கள் உண்மையில் என்றைக்குத் திறப்பார்கள்?

பதில்:

வணக்கம் தம்பி. நீங்கள் ஐந்தாறு கேள்வி கேட்டிருந்தாலும் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது ஒன்றுதான் என்று தெரிகிறது. பணம் போனால் சரக்கு வருமா? அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணத்தைப் புத்தாண்டுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஆனால் சரக்கைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் இன்னும் நாள் இருக்கிறது. பொங்கல் முடிந்த கையோடு இதை எழுதுகிறேன், சீனப் புத்தாண்டு இந்த வருடம், 2026-இல், பிப்ரவரி 17, கிட்டத்தட்ட ஒரு மாதம் கையில் இருக்கிறது.

அவர் ஏன் கேட்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள உங்களுக்குச் சீனா தெரிந்திருக்க வேண்டியதில்லை, திருப்பூர் தெரிந்தால் போதும். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது உங்கள் ஊர் எப்படி இருக்கும்? சாயப்பட்டறைக்காரர் வந்து உட்காருவார், பிரின்டிங்காரர் காலையிலும் மாலையிலும் போன் செய்வார், தையல்காரர்களுக்குப் போனஸ் பேசி முடிக்க வேண்டும், வாங்குகிறவர் எல்லாரும் ஒரே வாரத்தில் வாங்குவார்கள், உங்களுக்குத் தர வேண்டியவர் மட்டும் "தீபாவளி போகட்டும்" என்பார். அதே நெருக்கடிதான் ஜின்ஜியாங்கிலும், அளவு மட்டும் பல மடங்கு. ஜிப் ஃபேக்டரி முதலாளி நாடா நெய்கிறவருக்கு, சாயம் போடுகிறவருக்கு, முலாம் பூசுகிறவருக்கு, பெட்டி செய்கிறவருக்கு எல்லாம் வருடக் கணக்கை இந்த மாதத்தில்தான் முடிக்கிறார். வருடக் கடைசி போனஸும் வழக்கப்படி தர வேண்டும், ஏனென்றால் ஜியாங்சி, சிச்சுவான், குய்ச்சோ என்று தூர மாகாணங்களிலிருந்து வந்த தொழிலாளிகள் அந்தப் பணத்தோடுதான் ஊருக்கு ரயில் ஏறுவார்கள். சம்பளம் நிலுவை இருந்தால் சும்மா விடமாட்டார்கள். வெளியூர்த் தொழிலாளர் சம்பளத்துக்கென்றே 2020 மே 1 முதல் தனி விதிமுறை நடைமுறையில் இருக்கிறது, குளிர்காலத்தில் அதிகாரிகள் அதைத் தேடித் தேடிப் பார்ப்பார்கள்.

இதற்குமேல் ஒரு பழைய வழக்கமும் உண்டு. வருடக் கடனை வருடம் பிறக்கும் முன்பு தீர்த்துவிட வேண்டும், வாசலில் சிவப்புக் காகிதத்தில் வாழ்த்து ஒட்டிவிட்டால் அப்புறம் கடன்காரன் கதவைத் தட்டக் கூடாது என்பார்கள். கடனோடு புது வருடத்துக்குள் போவது இன்றைக்கும் அங்கே அவமானமான விஷயம். ஆகவே உங்கள் முதலாளி மீதிப் பணம் கேட்பதை வைத்து மட்டும் அவரைச் சந்தேகப்படாதீர்கள். கேட்காமல் இருந்திருந்தால்தான் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

"பிடித்து வை" என்று உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் செய்து பார்த்தவன். 2011-இல் ஃபூஜியனின் துறைமுக நகரமான ஷியாமென்னுக்கு வந்தேன், சரக்கு தேடிக் கொடுப்பதும் தரம் பார்த்துக் கொடுப்பதும்தான் என் தொழில். 2014-இல் புத்தாண்டு ஜனவரி 31. ஒரு சின்ன ஃபேக்டரியில் பெட்டியில் ஒட்டிய லேபிள் தவறாக இருந்தது, சரக்கில் ஒரு குறையும் இல்லை. லேபிளை மாற்றச் சொல்லிவிட்டுப் பணத்தை அனுப்பச் சொல்லியிருக்கலாம். நான் எங்கள் பையரிடம், லீவு முடியட்டும், அதுவரை பாக்கியைப் பிடித்து வைத்தால் அடுத்த ஆர்டருக்கு விலை குறைப்பார்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். அந்த முதலாளி தன் மைத்துனரிடம் வட்டிக்கு வாங்கித் தொழிலாளிகளுக்குச் சம்பளம் கொடுத்தார் என்று மார்ச்சில்தான் எனக்குத் தெரிந்தது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. விலையும் குறைத்தார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் சரக்கு எப்போதும் கடைசி வரிசையில்தான் நின்றது, போனைச் சேல்ஸ் பெண்ணே எடுப்பார், முதலாளி டீ குடிக்க ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் அந்த உறவே இல்லாமல் போயிற்று. அந்த மனிதருக்கு நான் செய்தது தவறு. வியாபாரமாகப் பார்த்தாலும் நட்டம்தான்.

இதற்கு நேர்மாறாக, சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்பு பாக்கியைத் தீர்க்கிற பையரை அங்கே யாரும் மறப்பதில்லை. மார்ச்சில் ஃபேக்டரி திறந்து, பாதி ஆள் திரும்பி வராமல், மெஷின் எல்லாம் காலியாக நிற்கும்போது முதலில் யாருடைய சரக்கை ஓட்டுவது என்று முதலாளி முடிவு செய்வார் இல்லையா, அந்த முடிவு ஜனவரியிலேயே ஆகிவிட்டிருக்கும். என்ன பரிசு கொண்டுபோவது என்று கேட்டீர்களே, அவருக்குப் பெரிய பரிசு இதுதான்.

சரி, எப்படிப் பார்த்துக் கொடுப்பது என்பதற்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும், ஏனென்றால் பணம் போகிற இடம் இதுதான்.

புத்தாண்டுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் செய்த சரக்கை நான் எப்போதும் இரண்டு மடங்கு கவனமாகப் பார்ப்பேன். ஆள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள், நல்ல கைகள்தான் முதலில் கிளம்பும், மீதி இருப்பவர்கள் அவசரத்தில் ஓட்டுவார்கள். ஜிப்பில் அந்த அவசரம் எங்கே தெரியும் என்றால், ரன்னரின், அதாவது ஜிப்பில் ஏறி இறங்கும் துண்டின், பூட்டில் தெரியும், இழுத்துவிட்டால் நிற்காமல் வழுக்கும். நாடாவின் ஷேடில் தெரியும், ஒரே ஆர்டரில் இரண்டு சாயத் தொட்டியின் நிறம் கலந்துவிடும். அப்புறம் கையால் பிடித்து இழுக்கும் புல்லரின் முலாமில். இந்த மூன்றையும் பார்க்கும்படி இன்ஸ்பெக்டருக்கு எழுத்தில் கொடுங்கள், நீங்கள் ஒப்புக்கொண்ட ஷேடு துணுக்கையும் அவர் கையில் சேர்த்துவிடுங்கள். சாயம் போகிறதா, நிக்கல் இருக்கிறதா என்பதை அங்கே நின்று பார்க்க முடியாது, லேபுக்கு மாதிரி போக வேண்டும், உங்கள் பையர் ஐரோப்பாக்காரர் என்றால் அதை இப்போதே அனுப்பிவிடுங்கள். ஃபேக்டரிகளில் வழக்கமாக ஏ.க்யூ.எல் 2.5, அதாவது எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற கணக்கில் மாதிரி எடுப்பார்கள். ஒரு லட்சம் ஜிப் இருந்தால் 500 எடுத்துப் பார்ப்பது, பெரிய குறை 21 வரை இருந்தால் தேறும், 22 ஆகிவிட்டால் மொத்தமும் திரும்ப ஆள் வைத்துப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரிக்க நாள் வேண்டும் என்பதால்தான் சொல்கிறேன், இன்ஸ்பெக்‌ஷனை ஜனவரி 27-ஐத் தாண்ட விடாதீர்கள். 80 சதவீதம் பெட்டியில் ஏறியிருந்தாலே பார்க்கலாம், முழுதாக முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்ஸ்பெக்டரை நீங்களே நியமியுங்கள், கூலியும் நீங்களே கொடுங்கள். பண்டிகை மாதம் என்பதால் ஃபேக்டரி அவர் கையில் பணம் வைத்த ஒரு சிவப்பு உறையைத் திணிக்கப் பார்க்கும். அன்பாகக் கொடுப்பதும் உண்டு, கண்ணை மூடிக்கொள்ளக் கொடுப்பதும் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே உறைதான். வாங்கக் கூடாது என்று அவரிடமும் சொல்லுங்கள், கொடுக்க வேண்டாம் என்று ஃபேக்டரியிடமும் மரியாதையாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"நோ ப்ராப்ளம்" விஷயம். சீன மொழியில் "மெய் வென்தி" என்பார்கள். அது பொய் இல்லை, ஆனால் உறுதியும் இல்லை, "உங்கள் மனம் வருந்த வேண்டாம்" என்கிற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்வது உங்களையும் அவரையும் சேர்த்துச் சங்கடப்படுத்தும், அதனால் சேல்ஸ் பெண் அதைச் சொல்லமாட்டார். இதோடு இன்னும் இரண்டு சொற்களைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். "சா புதுவோ" என்றால் ஏறக்குறைய முடிந்தது, நீங்கள் பாதி என்று எடுத்துக்கொள்ளலாம். "நியென் ஹோ சாய் ஷுவோ" என்றால் புத்தாண்டுக்குப் பிறகு பேசலாம், அதற்கு அர்த்தம் இந்த வருடம் நடக்காது என்பது. "தயாராகிவிடுமா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, இன்றைக்குச் சாயம் முடிந்தது எத்தனை மீட்டர், எந்த நிறம் பாக்கி, ரன்னர் வந்துவிட்டதா, பேக்கிங் மேசையை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று கேளுங்கள். எண்ணிக்கை கேட்டால் அவரால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும், யார் முகமும் வாடாது. எண் வரவில்லை என்றால் சரக்கு ஆகவில்லை.

இன்ஸ்பெக்‌ஷன் தேறியதும் பணத்துக்கு வாருங்கள். நான் சொல்லும் வழி இது: சரக்கை ஃபேக்டரியில் விடாமல் ஷியாமென்னில், சரக்கைக் கப்பலில் ஏற்றிவிடும் உங்கள் ஃபார்வர்டரின் கிடங்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது அங்கே போய்ச் சேர்ந்த ரசீதைக் காட்டியதும் மொத்தப் பாக்கியையும் அனுப்பிவிடுங்கள். கப்பல் கிடைக்காமல் சரக்கு லீவு முழுக்க ஃபேக்டரிக் கிடங்கிலேயே கிடக்க நேர்ந்தால் மட்டும், 10 சதவீதத்தை பி.எல். (கப்பலில் சரக்கு ஏறியதற்கான ரசீது) வந்ததும் தருகிறேன் என்று பேசுங்கள், அதையும் இப்போதே பேசுங்கள், பிப்ரவரியில் பேசினால் அது மிரட்டலாகக் கேட்கும். சீனச் சந்திரக் கணக்கில் வடக்கே கடைசி மாதத்து 23-ஆம் நாளும் தெற்கே 24-ஆம் நாளும் சின்ன வருடம் என்று ஒன்று வரும், சமையலறைச் சாமிக்குப் படையல் வைத்து மேலே அனுப்பும் நாள். இந்த முறை பிப்ரவரி 10, 11. அதற்கு முன்பே பணம் அவர் கணக்கில் ஏறியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, உங்கள் வங்கியில் ஆவணம் கொடுக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். இந்த நெருக்கடி நாட்களில்தான் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று இமெயில் வரும். முகவரி அதேபோல் இருக்கும், கையெழுத்தும் அதேபோல் இருக்கும், உள்ளே திருடன் இருப்பான். கணக்கு மாறினால் முதலாளியை வீசாட்டில் (சீனர்கள் பயன்படுத்தும் செய்திச் செயலி) வீடியோ காலில் பார்த்துக் கேளுங்கள், ஒப்பந்தத்தில் எந்தக் கம்பெனிப் பெயருக்குச் சிவப்பு வட்ட முத்திரை குத்தியிருக்கிறதோ அதே பெயர்தான் கணக்கிலும் இருக்க வேண்டும். தனி ஆள் கணக்குக்கு அனுப்பாதீர்கள். சீனாவில் முதலாளி போட்ட கையெழுத்தைவிட அந்த முத்திரைக்குத்தான் மதிப்பு அதிகம், பழைய ஒப்பந்தத்தை எடுத்து இப்போதே ஒருமுறை பாருங்கள்.

விருந்துக்கு அவசியம் போங்கள். விசா எடுக்க நாள் ஆகும், நாளைக்கே விண்ணப்பியுங்கள். பிப்ரவரி 3 என்று அவர் சும்மா நாள் குறிக்கவில்லை. சந்திர மாதத்தில் 2-ஆம் நாளும் 16-ஆம் நாளும் வியாபாரிகள் மண்சாமிக்குப் படையல் போடுவது தென் ஃபூஜியன் வழக்கம். வருடத்தின் கடைசிப் படையல் பன்னிரண்டாம் மாதம் 16-ஆம் நாள், அதற்கு "வெய்யா" என்று பெயர், முதலாளி தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு நன்றி சொல்கிற நாள். அந்தக் காலத்தில் மேசையில் வைத்த கோழியின் தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்கு அடுத்த வருடம் வேலை இல்லை என்று அர்த்தமாம், அதனால் நல்ல முதலாளிகள் தலையைத் தங்கள் பக்கமே திருப்பி வைப்பார்களாம். இப்போது மேடை, பாட்டு, பரிசுக் குலுக்கல் என்று மாறிவிட்டது. வெளியூர்ப் பையரை அந்த மேசைக்குக் கூப்பிடுகிறார் என்றால் உங்களைத் தன் ஆட்களோடு சேர்த்துப் பார்க்கிறார், இது எல்லாருக்கும் கிடைக்கிற அழைப்பு இல்லை தம்பி.

அங்கே கதவைப் பார்த்து உட்காருவது விருந்து கொடுப்பவர், அவருக்கு வலது பக்கம் முக்கிய விருந்தினர். எங்கே உட்கார வைக்கிறார்களோ அங்கே உட்காருங்கள், நீங்களாக இடம் பிடிக்க வேண்டாம். குடிக்கமாட்டேன் என்பதை மேசையில் வைத்துச் சொல்லாதீர்கள், எல்லாரும் எழுந்து நிற்கும்போது மறுத்தால் கொடுத்தவரின் கை தாழ்ந்துபோகும். இரண்டு நாள் முன்பே சேல்ஸ் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள், அவர் எல்லாரிடமும் சொல்லி வைத்துவிடுவார். டீயை எடுத்துக்கொண்டு வாழ்த்துவதற்கு அவர்கள் மொழியிலேயே இடம் உண்டு, "யி ச்சா தாய் ஜியூ" என்பார்கள், மதுவுக்குப் பதில் தேநீர் என்று அர்த்தம். எழுந்து நின்று, இரண்டு கையாலும் பிடித்து, உங்கள் கோப்பையின் விளிம்பை முதலாளியின் கோப்பை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வைத்துத் தட்டுங்கள். அது போதும், ஒரு சொட்டு மது இல்லாமல் பதினைந்து வருடம் இப்படித்தான் ஓட்டியிருக்கிறேன்.

சைவத்துக்கு நீங்கள் பயப்படுகிற அளவு பயம் வேண்டாம். சந்திர மாதம் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் சைவம் சாப்பிடுகிற குடும்பங்கள் தென் ஃபூஜியனில் ஏராளம், "வோ ச்சி சு" என்று சொன்னால் மதிப்போடு பார்ப்பார்கள். ஆனால் கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், மேலே சிப்பிச் சாறு ஊற்றுவார்கள், அதனால் கறி, மீன், சிப்பி, கொழுப்பு எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள். ஷியாமென்னில் இறங்கினால் நான்புத்துவோ கோயிலில் சைவச் சாப்பாடு கிடைக்கும், மனம் நிறையச் சாப்பிடலாம்.

பரிசில் ரொம்பக் குழம்ப வேண்டாம். கடிகாரம் கூடாது, "கடிகாரம் கொடுப்பது" என்ற சொல் "கடைசி வழியனுப்புவது" போல ஒலிக்கும். குடை கூடாது, அது பிரிவதைப் போல ஒலிக்கும். எதுவும் நான்காக இருக்கக் கூடாது, வெள்ளைத் தாளில் சுற்றக் கூடாது. நம் ஊர்ச் சந்தனம் என்றால் அங்கே தனி மதிப்பு, மைசூர்ச் சந்தனத்தை "லாவ்ஷான்" என்று பெயர் சொல்லித் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல சந்தன ஊதுபத்தி, சந்தன சோப்பு, ஜோடியாகச் சிவப்புப் பெட்டியில் போட்டு இரண்டு கையாலும் கொடுங்கள். முதலில் வேண்டாம் என்பார், இன்னொரு முறை நீட்டுங்கள். உங்கள் எதிரில் பிரிக்கமாட்டார், பிடிக்கவில்லையோ என்று நினைக்காதீர்கள். முதலாளிக்கு மட்டும் இல்லாமல் அந்தச் சேல்ஸ் பெண்ணுக்கும் ஏதாவது சின்னதாகக் கொண்டுபோங்கள், வருடம் முழுக்க உங்கள் இரவு நேரச் செய்திக்கெல்லாம் பதில் சொன்னவர் அவர்தான்.

விருந்துக்கு மறுநாள் அவர் அறையில் டீ மேசைக்குக் கூப்பிடுவார். உண்மையான பேச்சு அங்கேதான் நடக்கும். பக்கத்து ஆன்சி மலையில் விளைகிற தியெகுவான்யின் டீயைச் சின்னச் சின்னக் கோப்பையில் ஊற்றிக்கொண்டே இருப்பார், ஒவ்வொரு முறையும் இரண்டு விரலால் மேசையை லேசாகத் தட்டினால் நன்றி என்று அர்த்தம். உடனே விலைக்குப் போகாதீர்கள். பேசுவதற்கு உங்களுக்கு என்று ஒரு விஷயம் அந்த ஊரிலேயே இருக்கிறது. ஜின்ஜியாங் சேர்ந்திருக்கும் ச்சுவான்சோ நகரத்தில் 1281-ஆம் வருடத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது, குப்லாய் கான் காலத்தில் அங்கே தமிழர் எடுத்த சிவன் கோயிலைப் பற்றிச் சொல்வது. அந்தக் கோயில் காலத்துச் சிற்பம் செதுக்கிய தூண்கள் காய்யுவான் பௌத்தக் கோயிலில் இன்றும் நிற்கின்றன, கடல்வழி வரலாற்று அருங்காட்சியகத்திலும் சிற்பங்கள் இருக்கின்றன. 2021-இல் யுனெஸ்கோ அந்தப் பழைய துறைமுக நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. எழுநூறு வருடத்துக்கு முன்பே எங்கள் ஆட்கள் உங்கள் ஊரில் வியாபாரம் செய்தார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். நான் சொன்ன இடத்தில் எல்லாம் முதலாளிகள் முகம் மலர்ந்திருக்கிறது, ஒருவர் தன் காரிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தூண்களைக் காட்டினார். அந்தத் தூணின் முன்னால் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டீ மேசையில் ஒன்று செய்யாதீர்கள். இன்ஸ்பெக்‌ஷனில் குறை வந்திருந்தால் அதை அவருடைய ஆட்கள் முன்பு எடுக்காதீர்கள். தனியாக இருக்கும்போது, ஒரு தாளில் எழுதி, "இதை எப்படிச் சரி செய்யலாம்" என்று கேளுங்கள். எல்லார் முன்பும் கேட்டால் அவர் குறையைச் சரி செய்வதை விட்டுவிட்டுத் தன் முகத்தைக் காப்பாற்றுவதில் இறங்கிவிடுவார்.

ஊர் திரும்புவதற்கு டிக்கெட்டை இப்போதே போட்டுவிடுங்கள். பண்டிகைப் பயணக் காலம் என்று 40 நாள் அரசே அறிவிக்கிறது, இந்த வருடம் பிப்ரவரி 2 முதல் மார்ச் 13 வரை, நீங்கள் இறங்குவதே அதற்குள்தான். லாரி ஓட்டுநர்களும் ஊருக்குப் போகிறவர்களில் சேர்த்தி, துறைமுகம் திறந்திருந்தாலும் கன்டெய்னரை இழுக்க ஆள் இருக்காது, ஆகவே தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ கப்பலில் இடம் இன்னும் போடவில்லை என்றால் அதுதான் இன்றைய முதல் வேலை.

என்றைக்குத் திறப்பார்கள் என்றால், அரசு லீவு பிப்ரவரி 15 முதல் 23 வரை ஒன்பது நாள், அதற்கு ஈடாக 14-ஆம் தேதியும் 28-ஆம் தேதியும் சனிக்கிழமையாக இருந்தாலும் வேலை நாள். அது ஆபீசுக்கான கணக்கு, ஃபேக்டரிக்கு அது பொருந்தாது. தென் ஃபூஜியனில் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் வானத்துச் சாமிக்குப் பிறந்தநாள், மலேசியா சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் "தீகோங்" என்றால் தெரியும், எட்டாம் நாள் நள்ளிரவில் முழுக் கரும்பை நிறுத்திப் படையல் போடுவார்கள். நம் பொங்கல் கரும்பு போலவே நிற்கும், முதல்முறை பார்த்தபோது எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. இந்த வருடம் அது பிப்ரவரி 25-ஆம் தேதி. அதற்கு முன்பு சேல்ஸ் பெண் பதில் சொன்னாலும் மெஷின் ஓடாது. பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா மார்ச் 3, அது முடிந்துதான் ஆள் முழுதாக வந்து சேர்வார்கள். வராமலே போகிறவர்களும் உண்டு, போனஸ் வாங்கிக்கொண்டு வேறு ஃபேக்டரிக்கு மாற இதுதான் சமயம். புதுக் கைகள் பழக இன்னும் பத்து நாள் பிடிக்கும், அதனால் கஷ்டமான நிறம், புது டிசைன் எதையும் மார்ச் முதல் பாதியில் ஓட்டச் சொல்லாதீர்கள். விலையும் அப்போது ஏற வாய்ப்பு உண்டு. ஏப்ரல் வரைக்குமான ஆர்டருக்கு இப்போதைய விலையை எழுதி, முத்திரை குத்தி, டீ மேசையிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிப்ரவரி 16-ஆம் தேதி மாலை, குடும்பம் எல்லாம் ஒன்றாகச் சாப்பிட உட்காரும் முன்பு முதலாளிக்கு வாழ்த்து அனுப்புங்கள். எல்லாருக்கும் அனுப்புகிற படத்தை அனுப்பாமல், அவர் பெயர் சொல்லி நீங்களே பேசி அனுப்புங்கள், தெரிந்த அளவு சீனமோ, "கியோங் ஹீ ஹுவாட் சாய்" என்று அவர்கள் ஊர்ப் பேச்சோ எதுவானாலும் சரி. சேல்ஸ் பெண்ணுக்கு வீசாட்டில் 88 யுவான் சிவப்பு உறை போடலாம். அதோடு வியாபாரப் பேச்சை மூடிவிடுங்கள். முதல் ஐந்து நாள் பி.எல். எங்கே, ட்ராக்கிங் நம்பர் எங்கே என்று கேட்கவே கேட்காதீர்கள், வருடம் பிறந்ததும் வந்து நிற்கிற கடன்காரன் போல ஆகிவிடும்.

இன்றைக்கு இரவே முதலாளிக்கு இப்படி ஒரு செய்தி போடுங்கள், சேல்ஸ் பெண்ணையும் சேர்த்துக்கொண்டு: "வெய்யா விருந்துக்கு அழைத்ததற்கு மிக்க நன்றி, விசா கிடைத்ததும் வருகிறேன். வருடக் கடைசியில் உங்களுக்கு எத்தனை செலவு இருக்கும் என்று தெரியும், அதனால் பாக்கியைச் சின்ன வருடத்துக்கு முன்பே தீர்த்துவிட விரும்புகிறேன். ஜனவரி 27-ஆம் தேதி என் இன்ஸ்பெக்டர் வருவார், 80 சதவீதம் பெட்டியில் இருந்தால் போதும். சரக்கு தேறி ஷியாமென் கிடங்குக்குப் போன அன்றே வங்கியில் கொடுத்து ரசீதை அனுப்புகிறேன். இன்றைக்கு வரை முடிந்த மீட்டர் கணக்கை நிறம் வாரியாக அனுப்பச் சொல்ல முடியுமா?"

மீட்டர் கணக்கு நாளை மாலைக்குள் வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், ஜின்ஜியாங் இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான், நானே போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.